வில்லனின் பல்

படம் தொடங்கிப் பதினோரு நிமிடம்
ஒரு முகமும் முழுசாகத் தெரியவில்லை.
"பல்பு போச்சாடா ஆப்பரேட்டர்!"
பின்வரிசையில் யாரோ கத்தினார்.
நான் வயர்மேன், எனக்கு விளக்கு தெரியும்.
பல்பு போகவில்லை அண்ணே,
விளக்கை எதிரில் வைக்காமல்
பக்கவாட்டில், கொஞ்சம் உயரத்தில், ஒன்றே ஒன்று வைத்திருக்கிறார்கள்.
பாதிக் கன்னத்தைக் காட்டுகிறார்கள்,
மீதிக்கு இடைவேளை வரை காத்திருக்க வேண்டும்.

அடியில் ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது.
இசை என்று சொல்ல முடியாது,
மழைக்கு முந்தைய டிரான்ஸ்ஃபார்மர் உறுமும் சத்தம்.
அது நின்ற இடங்களில்தான் எனக்குப் பயம் வந்தது.

நாயகனுக்கு மூக்கு முதல் தாடை வரை உலோகம்.
ஊரைக் காக்கிறவன், வாய் இல்லாதவன்.
அப்பா விட்டுப்போன கோபுரத்தில் தனியாகத் துக்கப்படுகிறவன்.
அவனைக் கேமரா எப்போதும்
தரையில் படுத்துக்கொண்டே பார்க்கிறது.
இங்கே தர்மபுரிப் பக்கம் நடுகல் இடுப்பளவுதான்.
யாரோ ஒருவரின் மாட்டை மீட்கப்போய்ச் செத்தவனை
நாங்கள் குனிந்துதான் பார்க்கிறோம்,
புல்லை விலக்கிவிட்டு.

வில்லனுக்கு முகமூடி கிடையாது.
முதல்முறை அவன் சிரித்தபோது
கேமரா மெல்ல மெல்ல வாய்க்குள்ளேயே போய்விடும்போல் நெருங்கியது.
திரை அகலத்துக்குப் பல்.
பழுப்புக் கோடு, சுண்ணாம்புத் திட்டு, சின்னச் சின்னக் குழி.
மேக்கப்காரர் நன்றாகக் கவனித்திருக்கிறார்,
எங்கே கவனித்தாரோ.
அரங்கமே "ச்சீ" என்றது.
என் கை தானாக வாய்க்குப் போனது.

நாற்பத்தோரு வருடப் பழக்கம்.
ஒகேனக்கல் குழாய் வருமுன்
போர் தண்ணீர் குடித்து முளைத்த பல்.
கல்யாண ஆல்பத்தில் உதடு பூட்டி நிற்கிறேன்.
"கம்ப்யூட்டர்ல வெளுத்துடலாம் சார்" என்றார் ஸ்டுடியோக்காரர்,
ஒரு பல்லுக்கு இவ்வளவு என்று கணக்குச் சொல்லாத குறை.

பக்கத்து சீட்டில் மகிழினி, ஒன்பது வயது,
குழாய்க்குப் பிறகு பிறந்தவள், பால் வெள்ளை.
பாப்கார்னை மடியில் வைத்துவிட்டு
என் காதில் கேட்டாள்:
"அவருக்கும் உங்க ஊருத் தண்ணியாப்பா?"

அதற்கப்புறம் நான் பார்த்தது வேறு படம்.

அவனுக்கும் தண்ணீர்தான்.
கோபுரக்காரர்களின் ஆலைக்குக் கீழே பிறந்தவன்,
அதைச் சொல்ல அவனுக்கு ஏழு நிமிடம் கொடுக்கிறார்கள்.
ஒரு வெட்டு இல்லாமல், நடுங்கும் கேமராவில்.
என்னை மறந்து தலையாட்டிவிட்டேன்,
முன்வரிசைத் தலைகளும் ஆடின.
இயக்குநருக்கு அங்கே பதற்றம் வந்திருக்கும்.
அடுத்த காட்சியிலேயே
ஒரு குழந்தைகள் வார்டை அவன் கையால் கொளுத்த வைத்தார்.
நியாயம் பேசியவனை அப்படித்தான் நம்மிடமிருந்து பிடுங்க முடியும்.

கடைசியில் மழை, கோபுரம், தாழ்ந்த கேமரா, அங்கி.
கைதட்டல்.
ஆலையின் குழாயை யாரும் மூடவில்லை.
மூடியதாகக் காட்டக்கூட இல்லை.

வெளியே பைக்கை எடுக்கும்போது தீர்த்தகிரி கேட்டான்,
"படம் எப்படி?"
"லைட்டிங் சூப்பர்" என்றேன்.
மகிழினி என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

படம் முழுக்க ஒரே ஒருமுறை
கேமரா அவன் கண்ணுக்கு நேராக நிற்கிறது.
தெருக்குழாயில் குனிந்து, கையேந்தி,
முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிக்கிறான்.
விளக்கு முன்னாலிருந்து வருகிறது,
உறுமல் இல்லை.
நான்கு நொடி. வெட்டிவிட்டார்கள்.

வியாழக்கிழமை அந்த நான்கு நொடிக்காக
மதிய ஆட்டத்துக்கு மறுபடி போனேன்.
மதிகோன்பாளையத்தில் ஒரு வீட்டு மெயின் சுவிட்சைப்
பாதியில் விட்டுவிட்டு.
அரங்கில் ஆறு பேர்.
குழாய்க் காட்சி வந்தபோது யாரும் எதுவும் சொல்லவில்லை.
என் கை எங்கே இருந்தது என்று
இப்போது எவ்வளவு யோசித்தும்
நினைவில்லை.